ஓடி முடிச்சு வந்தா எடை கூடியிருக்கு

போன வாரம் ஞாயித்துக்கிழமை காலைல அக்கா பொண்ணுகிட்டருந்து ஒரு மெசேஜ். வாட்ச் ஸ்க்ரீன்ஷாட், 18 கிலோமீட்டர், கீழ ஒரே ஒரு வரி: "வெறும் வயித்துல மாமா! தண்ணி மட்டும்தான்!!" வழக்கமா இந்த மாதிரி வந்தா ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிடுவேன், அன்னிக்கு என்னமோ விரல் போகல. ஒரு பாரா டைப் பண்ணேன், அழிச்சேன். மறுபடி பாதி டைப் பண்ணேன், அதையும் அழிச்சேன். அவ ட்ராக்ல 5000 மீட்டர் ஓடறவ, காலேஜ் டீம்ல இருக்கா, நான் நாப்பது தாண்டினப்பறம் தொப்பையக் குறைக்கலாம்னு ஓட ஆரம்பிச்ச கேஸு. அவளுக்கு நான் என்னத்த சொல்றது? ஆனா அந்த ரெண்டு ஆச்சரியக்குறி மட்டும் நாள் முழுக்க மண்டைக்குள்ள உக்காந்துகிட்டு இறங்கவே மாட்டேன்னுச்சு. ஏன்னா அதே மெசேஜை, அதே பெருமையோட, ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானும் நாலு பேருக்கு அனுப்பியிருக்கேன்.

அப்போ என் வாழ்க்கைல ஒரு ஜட்ஜ் இருந்தாரு. பாத்ரூம் வாசல்ல, கண்ணாடி மேல் போட்ட டிஜிட்டல் எடை மெஷின். காலைல எந்திரிச்சு ஒரு தடவ, ஓடிட்டு வந்து ஒரு தடவ, படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ. அவரு என்ன தீர்ப்பு சொல்றாரோ அதுதான் அன்னிக்கு என் மூடு. முதல் மாரத்தானுக்குப் பேர் குடுத்திருந்தேன், கூடவே எடையையும் குறைக்கணும், ரெண்டையும் ஒரே பயிற்சில முடிச்சிடலாம்னு ஒரு திட்டம். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாத்துக்கும் தடா. முதல் வாரத்துலயே ரெண்டு கிலோ போயிடுச்சு. அந்த சந்தோஷத்த எங்க போய் சொல்ல, ஆபீஸ்ல பாத்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்.

அந்த ரெண்டு கிலோ எங்க போச்சுன்னு எனக்குப் புரிய ரொம்ப நாளாச்சு. மாவுச்சத்து சாப்பிட்டா உடம்பு அதை கிளைகோஜனா மாத்தித் தசைலயும் கல்லீரல்லயும் சேத்து வைக்குது, தசைல ஏறத்தாழ 400 கிராம், கல்லீரல்ல ஒரு 100 கிராம். ஒவ்வொரு கிராம் கூடவும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணியும் ஒட்டிக்கிட்டு உக்காருது. மொத்தமா பாத்தா ரெண்டு கிலோ. அதாவது நான் முதல் வாரத்துல குறைச்சதுல முக்கால்வாசி கொழுப்பே இல்ல, ஓடறதுக்குன்னு வச்சிருந்த எரிபொருளும் அது கூட இருந்த தண்ணியும். வண்டி லேசாகணும்னு டேங்க்ல இருந்த பெட்ரோலக் கீழ ஊத்தின மாதிரி. ஜட்ஜ் அதுக்கும் சபாஷ்னு சொன்னாரு.

தண்ணி மட்டும்தான்

சாப்பாட்டுல இப்படின்னா தண்ணில நேர் எதிர். எங்க பாத்தாலும் ஒரே பேச்சு, தாகம் எடுத்தாலே லேட்டு, தாகத்துக்கு முன்னாடியே குடிச்சிடணும், யூரின் கண்ணாடி மாதிரி தெளிவா வரணும். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு, ஏன்னா தண்ணிக்கு கலோரி கிடையாது, பசிச்சா குடிச்சுக்கலாம், குடிச்சா நல்ல பையன்னு பேரும் கிடைக்கும். லாங் ரன் போறப்போ ஒரு வட்டப் பாதைலதான் ஓடுவேன், ஒரு பெஞ்சு கிட்ட அரை லிட்டர் பாட்டிலா வரிசையா வச்சுட்டு, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு பாட்டில காலி பண்ணிட்டுத்தான் அடுத்த சுத்து. தாகம் இருக்கா இல்லையான்னு கேக்கறதே இல்ல.

அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கு. மேகமூட்டமா, குளிர் காத்து, 26 கிலோமீட்டர் ப்ளான், என் வேகத்துக்கு மூணு மணி நேரத்துக்கு மேல. முந்தின நாள் ராத்திரி ஒரு கிண்ணம் சாலட், காலைல ஒண்ணுமில்ல. ஏழு பாட்டில் காலி பண்ணேன், மூணரை லிட்டர். கடைசி ரெண்டு சுத்துல தலை பின்பக்கம் லேசா வலி, வயித்துல தண்ணி குலுங்கற சத்தம் எனக்கே கேக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு. எல்லாரும் சொன்ன டீஹைட்ரேஷன் இதுதான் போலன்னு முடிவு பண்ணி வீட்டுக்கு வந்து இன்னொரு டம்ளர் குடிச்சேன். கை கழுவறப்போ சோப்பு போட்டும் மோதிரம் சுத்தவே இல்ல, விரல் ரெண்டு பக்கமும் பிதுங்கிட்டு நிக்குது. அதையெல்லாம் பெருசா எடுத்துக்கல, எனக்கு ஒரே அவசரம், மெஷின்ல ஏறணும். மூணு மணி நேரம் ஓடியிருக்கோம், குறைஞ்சது ஒண்ணரை கிலோவாவது போயிருக்கணும்னு ஆசையா துண்டோட ஏறி நின்னேன்.

காலைல 71.4. இப்போ 72.2.

இறங்கி மறுபடி ஏறினேன். 72.2. மெஷின் கோணலா இருக்கோன்னு ஹால்ல சமதரையில கொண்டு போய் வச்சேன், அதே 72.2. பேட்டரி மாத்தினேன். அப்பறமும் நம்பிக்கை வராம, கட்டிலுக்கு அடில கிடந்த 5 கிலோ டம்பெல்லத் தூக்கி அது மேல வச்சேன், 5.0ன்னு தெளிவா காட்டுச்சு. மெஷின் மேல தப்பில்ல. தரைல உக்காந்துட்டேன். மூணு மணி நேரம் ஓடின ஒரு மனுஷன் எடை எப்படிடா கூடும்? வேர்த்திருக்கேன், பனியன் பிழியற அளவுக்கு நனைஞ்சிருக்கு, உள்ள இருந்த எரிபொருள் எரிஞ்சிருக்கு, மூச்சுல வேற ஈரம் போயிருக்கு. எதுவும் தப்பு நடக்கலன்னா எடை கொஞ்சமாவது குறைஞ்சுதான் ஆகணும். கூடியிருக்குன்னா ஒரே கணக்குதான், போனதை விட நிறைய உள்ள ஊத்தியிருக்கேன். அப்போதான் மோதிரம் ஞாபகம் வந்துச்சு. அதுவரைக்கும் மார்க் போடற வாத்தியாரா இருந்த மெஷின் அன்னிக்கு முதல் தடவையா எனக்கு உருப்படியா ஒரு தகவல் சொல்லுச்சு.

அன்னிக்கு ரத்தம் டெஸ்ட் எதுவும் பண்ணல, அதனால எனக்கு வந்தது என்னன்னு பேர் வைக்க மாட்டேன். ஆனா அப்பறம் உக்காந்து படிச்சப்போ முதுகுத்தண்டு சில்லுன்னு ஆச்சு. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடி முடிச்ச 488 பேரோட ரத்தத்த எடுத்துப் பாத்திருக்காங்க, அதுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழ இறங்கியிருந்திருக்கு. யாருக்கு இறங்குச்சுன்னு பாத்தா, ஓட்டத்துல எடை கூடினவங்களுக்குத்தான் அதிகம். அதே பந்தயத்துல ஓடின ஒரு இளம்பெண் இதனாலயே இறந்தும் போயிருக்காங்க. ரத்தத்துல சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோல்லருந்து 145 வரைக்கும் இருக்கணும், ஓடற நேரத்துல உடம்பு தண்ணியப் பிடிச்சு வைக்கிற ஹார்மோனை வேற சுரக்குது, கிட்னி வெளிய விடாது, நம்ம மேல மேல ஊத்திக்கிட்டே இருந்தா ரத்தம் நீத்துப் போகுது, மூளை வீங்குது. தலைவலி, குமட்டல், தடுமாற்றம். கொடுமை என்னன்னா தண்ணி பத்தாதவனுக்கும் இதே தலைவலி, இதே குமட்டல்தான். வெளிலருந்து பாக்கறவன் இன்னொரு பாட்டிலத்தான் நீட்டுவான், நானே எனக்கு நீட்டிக்கிட்ட மாதிரி.

"உப்பு கலந்த ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் குடிச்சா ஒண்ணும் ஆகாது"ன்னு ஒரு நண்பர் அடிச்சு சொன்னாரு. ஆகும். அந்த பாட்டில்ல இருக்கற சோடியம் பெரும்பாலும் லிட்டருக்கு 20 மில்லிமோல் கிட்டதான், ரத்தத்துல இருக்கறதுல ஏழுல ஒரு பங்கு. அளவு மீறினா அதுவும் நீத்துப் போக வைக்கிற தண்ணிதான்.

இந்த தண்ணி விஷயத்துல மனுஷங்க ஊஞ்சல் ஆடியிருக்காங்க. 1904ல செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான், கொளுத்தற வெயில், புழுதி ரோடு, வழில தண்ணி கிடைச்ச இடம் மொத்தமே ஒண்ணு ரெண்டு. ஓட்டத்துல தண்ணி குடிச்சா கெடுதல்னு நம்பின காலம். ஜெயிச்ச தாமஸ் ஹிக்ஸுக்கு வழில குடுத்தது என்ன தெரியுமா, ஸ்ட்ரிக்னைன், முட்டை வெள்ளைக்கரு, பிராந்தி. ஸ்ட்ரிக்னைன்னா எலிக்கு வைக்கிற விஷம்! 32 பேர் கிளம்பி 14 பேர்தான் முடிச்சாங்க. அங்கருந்து ஊஞ்சல் இந்தப் பக்கம் வந்து, 1996ல அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரின்னு ஒரு நிபுணர் அமைப்பு, வேர்வைல போற அத்தனையும் ஈடுகட்டற அளவுக்கு, இல்லன்னா வயிறு தாங்கற மட்டும் குடிங்கன்னு சொல்லுச்சு. 2007ல அவங்களே மாத்திக்கிட்டாங்க, எடைல 2 சதவீதத்துக்கு மேல குறையாம பாத்துக்கோங்க, அதுக்காக எடை கூடற அளவுக்கும் குடிக்காதீங்கன்னு. நான் மாட்டினது அந்தப் பழைய பேச்சுல. பேப்பர்ல மாறினது ஓடறவங்க வாய்க்கு வந்து சேர எத்தனை வருஷமாகும்னு யாருக்குத் தெரியும்.

இப்போ நான் பண்றது இவ்ளோதான். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ, வெயில் மாறினா, ஓடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாப்பேன், நடுவுல குடிச்ச அளவக் கூட்டுவேன், மணிக்கு எவ்ளோ வேர்க்குதுன்னு தெரிஞ்சிடும். எனக்குக் குளிர்ல முக்கால் லிட்டர், நல்ல வெயில்ல ஒண்ணேகால். மத்தபடி தாகம் எடுத்தா குடிக்கிறது. தாகம்ங்கறது ஒண்ணும் லேட்டா வர்ற அலாரம் இல்ல, சாதாரண ஓட்டக்காரனுக்கு அது போதும். ரொம்ப வேகமா, வெயில்ல, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடறவங்க வேணா முன்கூட்டி கணக்குப் போட்டு வச்சுக்கட்டும்.

பசி

தண்ணி கணக்கு அன்னிக்கே புரிஞ்சிடுச்சு, சாப்பாடு புரியல. அந்த வீம்போடயே மாரத்தான் போனேன். 31 கிலோமீட்டர் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அப்பறம் யாரோ ஸ்விட்ச அணைச்ச மாதிரி. ஓட்டக்காரங்க இதை "வால்"ன்னு சொல்வாங்க, சுவர், தமிழ்ல எழுதினா ஏதோ குரங்கு வால் மாதிரி இருக்கு. கால் வலின்னா கூட புரியும், இது வலி இல்ல. 42ல 31 போச்சுன்னா மிச்சம் எவ்ளோன்னு கழிச்சுப் பாக்கறேன், விடை வரவே மாட்டேங்குது. ரோட்டோரம் நின்ன ஒரு சின்னப் பையன் பாதி சாப்பிட்ட சாக்லேட்டப் பாத்து கண்ணுல தண்ணி வந்துடுச்சு, சத்தியமா.

கணக்கு எளிசுதான். ஒரு கிலோ எடைய ஒரு கிலோமீட்டர் ஓட்ட ஏறத்தாழ ஒரு கலோரி, 71 கிலோ ஆளுக்கு 42 கிலோமீட்டருன்னா சுமார் 3000. முழுசா நிரப்பின கிளைகோஜன் 500 கிராம், கிராமுக்கு 4 கலோரி, 2000தான். கொழுப்பும் கூடவே எரியும், அது பத்து கிலோ இருந்தாலே 90,000 கலோரி, ஆனா அது மெதுவாத்தான் எரியும், வேகம் கூடக்கூட உடம்பு மாவுச்சத்தத்தான் கேக்கும். நானோ பாதி டேங்கோட கிளம்பின ஆளு. இன்னொண்ணு, ராத்திரி தூங்கறப்போ தசைல இருக்கறது அப்படியேதான் இருக்கும், கல்லீரல்ல இருக்கறதத்தான் மூளை நக்கி நக்கித் தின்னுட்டிருக்கும். காலைல வெறும் வயித்தோட கிளம்பறவன், ரத்தத்துல சர்க்கரைய நிறுத்தி வைக்கிற அந்த டப்பாவ பாதி காலியா வச்சுட்டுக் கிளம்பறான். கழித்தல் கணக்கு வராம போனதுக்கு அதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

இது ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்ல, அதுதான் எரிச்சலே. 1924ல பாஸ்டன்ல ஓடி முடிச்சவங்க ரத்தத்த டாக்டருங்க பாத்து, சுருண்டு விழுந்தவங்களுக்கெல்லாம் சர்க்கரை தரைல கிடக்குன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் ஓட்டத்துக்கு முன்னாடியும் நடுவுலயும் மிட்டாய் குடுத்தாங்க, அந்தத் தொல்லை போயிடுச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம், நான் அந்தப் பையனோட சாக்லேட்டப் பாத்துதான் கத்துக்கணும்னு இருந்திருக்கு. அப்பறம் 1966ல ஸ்வீடன்ல பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மேன்னு ரெண்டு பேர் தங்களையே ஆராய்ச்சிக்கு உக்கார வச்சு, ஒரே சைக்கிள்ல ஆளுக்கொரு பக்கம் உக்காந்து ஒரு காலால மட்டும் மிதிச்சாங்க, இன்னொரு கால் சும்மா. தசைல ஊசி விட்டு சதை எடுத்துப் பாத்துட்டு, மூணு நாள் மாவுச்சத்தா சாப்பிட்டாங்க. மிதிச்ச கால்ல கிளைகோஜன் சும்மா இருந்த கால விட ரெண்டு மடங்கு ஏறியிருக்கு. ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, உழைச்ச காலுக்குத்தான் பங்கு. பெரிய மேட்ச்சுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் சோத்தையும் ரொட்டியையும் கூட்டி சாப்பிடறதுக்கு ஆரம்பமே இந்த ஒத்தக்கால் சைக்கிள்தான். அப்போ எடை ஒண்ணு ரெண்டு கிலோ ஏறத்தான் செய்யும். இப்பல்லாம் மாரத்தானுக்கு முந்தின நாள் மெஷின் கூடக் காட்டுச்சுன்னா டேங்க் நிறைஞ்சிடுச்சுன்னு நிம்மதியா தூங்கறேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி 2004ல வந்தது. ஒரு மணி நேரம் முழு வேகத்துல சைக்கிள் மிதிக்கிறவங்களுக்கு குளுக்கோஸ நேரா நரம்புல ஏத்தினாங்க, ஒரு மாற்றமும் இல்ல. அதே டீம் பண்ண இன்னொரு ஆராய்ச்சில, இதே மாதிரி மிதிக்கிறவங்க மாவுச்சத்துத் தண்ணிய வாயில வச்சுக் கொப்பளிச்சுத் துப்பினாங்க, ஒரு சொட்டு உள்ள போகல, கிட்டத்தட்ட 3 சதவீதம் வேகமா முடிச்சாங்க. வாயில பட்டதுமே மூளைக்குத் தகவல் போயிடுது, சாப்பாடு வருது, பிரேக்கக் கொஞ்சம் விடுன்னு. அப்போ பட்டினி போட்டு மனச இரும்பாக்கறேன்னு நான் சொல்லிட்டிருந்தது? அந்த மனசும் சாப்பாட்டத்தான் எதிர்பாத்துட்டு இருந்திருக்கு.

வெறும் வயித்துல ஓடறதே பாவம்னு சொல்ல வரல. ஒரு மணி நேரத்துக்குள்ள மெதுவா ஓடறதுன்னா நானும் இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் போறேன், சோம்பேறித்தனம் முக்கிய காரணம். பெரிய வீரர்கள் சிலர் வேணும்னே சில நாள் குறைச்ச எரிபொருளோட பயிற்சி பண்ணுவாங்க, அது அவங்களுக்கு ஒரு ஆள் உக்காந்து கணக்குப் போட்டுக் குடுக்கறது. ஓட்டம் ஒரு மணி நேரத்தத் தாண்டி, ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேலன்னா, மணிக்கு 30லருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும், ரெண்டரை மணி நேரத்துக்கு மேலன்னா 90 வரைக்கும் போகலாம். வெறும் குளுக்கோஸா குடிச்சா 60க்கு மேல குடல் எடுத்துக்காது, அதோட கதவு அவ்ளோதான். ஃப்ரக்டோஸுக்கு வேற கதவு, ரெண்டையும் கலந்தா ரெண்டு வழியாவும் உள்ள போகும். சாதா வெள்ளைச் சக்கரைல ரெண்டும் சரிபாதி இருக்கு! ஒரு லிட்டர் தண்ணி, 60 கிராம் சக்கரை, கால் டீஸ்பூன் உப்பு, வாய்க்கு நல்லா இருக்க எலுமிச்சம்பழம், இதுதான் என் பாட்டில். 1965ல ஃப்ளோரிடா யுனிவர்சிட்டில ராபர்ட் கேட் ஏறத்தாழ இதைத்தான் கலக்கிக் குடுத்தாரு, குடிக்கவே முடியலன்னு ஆனப்போ எலுமிச்சம்பழம் போடுங்கன்னு சொன்னது அவரு மனைவி. அதுதான் கேட்டரேட்ங்கற ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க்.

இதையெல்லாம் படிச்ச ஜோருல அடுத்த லாங் ரன்லயே நேரா மணிக்கு 80 கிராம்னு ஆரம்பிச்சேன். பதினாலாவது கிலோமீட்டர்ல பாத்ரூம் தேடி ஓடின வேகம்தான் இன்னிக்கு வரைக்கும் என் பர்சனல் பெஸ்ட். குடலையும் காலைப் பழக்கற மாதிரியே வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும்னு யாரும் சொல்லல, இல்ல சொல்லியிருப்பாங்க, எனக்குக் காது கேட்டிருக்காது. பந்தயத்தன்னிக்கு புதுசா எதையும் வாயில வைக்காதேன்னு சொல்றது இதுக்குத்தான்.

புரோட்டீன் பவுடர், பீட்ரூட் ஜூஸ், காப்பி பத்தியெல்லாம் கேப்பீங்க. புரோட்டீன் எடைக்கு கிலோவுக்கு 1.2லருந்து 2 கிராம், நாள் முழுக்க பிரிச்சு சாப்பிட்டாப் போதும், முட்டை பால் பருப்புலயே பெரும்பாலும் வந்துடும். காப்பில இருக்கற காஃபீன் நிஜமாவே வேலை செய்யும், கிலோவுக்கு 3 மில்லிகிராம் போதும். பீட்ரூட் சிலருக்குக் கொஞ்சம் உதவுது. ஆனா வயித்துக்கு சோறே போடாதவன் பீட்ரூட்டப் பத்தி கவலைப்படறது, அடுப்பே பத்த வைக்காம தாளிக்க கடுகு தேடற மாதிரி.

மறுபடி அந்த மெசேஜ்

ராத்திரி போன் பண்ணேன். "என்ன மாமா, லைக் கூட போடல?"ன்னு கேட்டா. நேத்து காலைலருந்து என்னென்ன சாப்பிட்டன்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே சொன்னா, நான் ஒரு பக்கம் எழுதிக்கிட்டே வந்தேன். கூட்டிப் பாத்தா எப்படி இழுத்தாலும் 1700 கலோரி தாண்டல. அவ 50 கிலோ, தினமும் சராசரி 12 கிலோமீட்டர் ஓடறா, அதுக்கே 600 போயிடும். உடம்போட மத்த வேலைக்கெல்லாம் மிச்சம் 1100. கொழுப்பு போக அவ உடம்பு ஒரு 40 கிலோன்னு வச்சுக்கிட்டா கிலோவுக்கு 27 சொச்சம். 45 இருந்தா நல்லது, 30க்குக் கீழ ரொம்ப நாள் இருந்தா உடம்பு ஒவ்வொரு கடையா ஷட்டர இறக்க ஆரம்பிக்கும், ஹார்மோன், எலும்பு, எதிர்ப்பு சக்தின்னு. 2014லருந்து ஒலிம்பிக் கமிட்டி இதுக்கு தனியா பேரே வச்சு எச்சரிக்கை பண்ணிட்டு இருக்கு, ஆம்பளைங்களுக்கும் வரும்.

"வெயிட் குறைஞ்சா டைமிங் குறையும்னு கோச் சொன்னாரு மாமா. முதல்ல குறையவும் செஞ்சுச்சு." குரல்ல சிரிப்பு போயிடுச்சு. ரெண்டு மாசமா டைமிங் நகரவே இல்லையாம், முழங்காலுக்குக் கீழ எலும்புல ஒரு இடத்துல தொட்டா வலிக்குதாம். அதுக்கு மேல நான் கேக்கக் கூடாத கேள்வி ஒண்ணு இருந்துச்சு, அதை அக்காகிட்ட சொல்லிக் கேக்கச் சொன்னேன். அரை மணி நேரத்துல அக்கா கூப்பிட்டா. "நாலு மாசமா பீரியட்ஸே வரலையாம்டா. ஓடற பொண்ணுங்களுக்கு அப்படித்தான் ஆகும்னு யாரோ சொன்னாங்கன்னு எங்கிட்ட சொல்லவே இல்ல." செவ்வாய்க்கிழமை டாக்டரப் பாத்துட்டு வந்தாங்க, ரத்தம் டெஸ்ட், காலுக்கு ஸ்கேன். எலும்புல விரிசல் இல்ல, அதுக்கு முந்தின கட்டம், ஓட்டத்தப் பாதியா குறைக்கச் சொல்லி, சாப்பாட்டுக்கு ஒரு டயட்டீஷியன்கிட்ட அனுப்பியிருக்காங்க. அந்த கோச் மேல எனக்கு இருக்கற கோவத்த இங்க எழுத ஆரம்பிச்சா நிக்காது, விட்டுடறேன்.

"வெயிட் ஏறிடுமே மாமா"ன்னு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டா. நான் 72.2 கதைய முழுசா சொன்னேன், டம்பெல் வச்சுப் பாத்தது வரைக்கும். ரொம்ப நேரம் சிரிச்சா. எடை மெஷினத் தூக்கி பரண்ல போடச் சொன்னேன், சரின்னா, போட்டாளான்னு தெரியாது.

இந்த ஞாயித்துக்கிழமை மெசேஜ் வரல. பத்து மணிக்கு நானே கேட்டேன். "6 தான் மாமா, மெதுவா. முன்னாடி ரெண்டு ப்ரெட், ஜாம். பாதில வயிறு கலக்கிடுச்சு."

"கலக்கும். அடுத்த வாரம் ஒண்ணரை ப்ரெட்டோட போ"ன்னு அனுப்பினேன்.